255 என்பது பதிலா?

மைக்ரோகன்ட்ரோலரில் புதிதாக ஒரு சென்சாரை இணைத்து முதல் தடவை மின்சாரம் கொடுக்கிறார்கள். திரையில் 255 என்று வருகிறது. மறுபடி கேட்டாலும் 255. வேறு எந்த ரெஜிஸ்டரைக் கேட்டாலும் அதே 255. எம்பெடெட் வேலையில் ஊறியவருக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே கை தானாக ஒயரைத் தடவப் போகும். எதிரே யாரும் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவர் கண்டது ஒரு எண். எண்ணைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்ற முடிவுக்கு அவர் எப்படி வந்தார்?

சிப்பும் சென்சாரும் இல்லாத காலத்தில், தரையில் இல்லாத ஒரு குடத்தை வைத்துக்கொண்டு இந்தியத் தத்துவவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கு நின்றது இதே கேள்வியில்தான்.

முதலில் கம்பிகள். எஸ்பிஐ என்ற இந்த இணைப்புமுறை மோட்டோரோலா நிறுவனத்தில் பிறந்து 1980களில் பரவியது. நாலே கம்பிகள்: கடிகாரத் துடிப்புக்கு ஒன்று, போக ஒன்று, வர ஒன்று, எந்தச் சிப்போடு பேச்சு என்று தேர்ந்தெடுக்க ஒன்று. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பிட் போகும். அதே துடிப்பில் ஒரு பிட் வரும். எட்டுத் துடிப்பு கொடுத்தால் எட்டு பிட் வந்தே தீரும். சிப் இருந்தாலும் வரும். கழன்று மேசைக்கு அடியில் கிடந்தாலும் வரும். வரவுக் கம்பியை மேலே இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர் இருந்தால் எட்டும் ஒன்றுகளாகி 255. கீழே இழுத்தால் 0. எதிலும் கட்டாமல் அந்தரத்தில் விட்டால், பக்கத்துக் கம்பியின் இரைச்சல்கூடப் பதிலாக வந்து உட்காரும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் கொண்டுவந்த ஐ-டூ-சி முறையில் ஒவ்வொரு பைட்டுக்குப் பின்னும் ஒன்பதாவது துடிப்பில் கேட்பவர் 'உம்' கொட்ட வேண்டும். எஸ்பிஐயில் அந்த 'உம்' கிடையாது. யூஎஸ்பி சாதனத்தைச் செருகினால் தன் பெயர், குலம் எல்லாம் அதுவே சொல்லிவிடும். எஸ்பிஐ சாதனம் தானாக வாய் திறக்காது. இன்ன பஸ்ஸில், இன்ன தேர்வுக் கம்பியில், இன்ன சாதனம், இந்த வேகத்தைத் தாங்கும் என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். லினக்ஸில் அது டிவைஸ் ட்ரீ கோப்பில் போகும். ட்ரோன்களை ஓட்டும் ஆர்டுபைலட் மென்பொருளில், போர்டுக்கான வரையறைக் கோப்பில் சென்சாருக்கு ஒரு வரி. அதில் வேகமே இரண்டு எழுத வேண்டும். காரணம், எம்பியூ6000 போன்ற சென்சாரின் அமைப்பு ரெஜிஸ்டர்கள் நொடிக்கு 10 லட்சம் துடிப்பைத்தான் தாங்கும். அளவீடுகளை மட்டும் 2 கோடித் துடிப்பு வரை வாசிக்கலாம். எழுதிக் கொடுத்ததை மென்பொருள் நம்பித்தான் வேலையைத் தொடங்குகிறது.

சைவ சித்தாந்தம் பயின்றவர்கள் இதை 'உரை' என்ற அளவையில், அதாவது நம்பத்தக்கவர் சொல்லால் அறியும் வழியில், சேர்ப்பார்கள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், மற்றவர்கள் பத்து வரை எண்ணிய அளவைகளைக் காண்டல் (காட்சி), கருதல் (அனுமானம்), உரை என்ற மூன்றுக்குள் அடக்கினார். அந்தப் பத்தில் ஒன்று அபாவம்: ஒரு பொருள் இல்லை என்று அறியும் வழி. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களிடம் போய் விசாரிக்கும் காதையிலும் அளவைகளின் வரிசையில் அபாவம் வருகிறது.

குடத்துக்கு வருவோம். தரையில் குடம் இல்லை என்று எப்படித் தெரிகிறது? கண் படுவது தரையில். இல்லாத குடத்தின் மேல் கண் எப்படிப் படும்? 7ஆம் நூற்றாண்டு மீமாம்சகரான குமாரில பட்டர், இன்மையை அறியத் தனி அளவையே வேண்டும் என்றார். நியாய மரபினர், காட்சியே போதும் என்றார்கள். பௌத்தரான தருமகீர்த்தி, அது அனுமானத்தில் ஒரு வகை என்றார். மூன்று தரப்பும் முட்டிக்கொண்டாலும் ஒரு நிபந்தனை பொதுவாக நின்றது: குடம் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வெளிச்சம் இருக்க வேண்டும், கண்ணில் கோளாறு கூடாது, நடுவில் மறைப்பு கூடாது. இருட்டறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குடம் இல்லை என்பவரை எவரும் சாட்சியாக ஏற்க மாட்டார்கள்.

சிப் செய்பவர்கள் இந்த வெளிச்சத்தைச் சிப்புக்கு உள்ளேயே வைத்து அனுப்புகிறார்கள். போஷ் நிறுவனத்தின் பிஎம்இ280 சென்சாரில் 208ஆம் ரெஜிஸ்டரைக் கேட்டால் 96 என்று சொல்லும். வெயிலோ மழையோ, 96தான். ஈரப்பதம் அளக்காத அதன் உடன்பிறப்பு பிஎம்பி280, அதே இடத்தில் 88 என்று சொல்லும். அனலாக் டிவைசஸின் ஏடிஎக்ஸ்எல்345 சொல்வது 229. மூன்றில் எதுவும் 0 இல்லை, 255 இல்லை. சிப் இருந்தால் இந்த எண் வந்தாக வேண்டும் என்ற நிலையில் கேட்கப்பட்ட கேள்விக்கு 255 வந்தால், அப்போதுதான் அது இன்மைக்குச் சாட்சியாகிறது. வெப்பநிலையைக் கேட்டு வாங்கிய 255க்கு அந்தத் தகுதி இல்லை. தரமான டிரைவர் மென்பொருள் எதுவானாலும், அளவீட்டைத் தொடும் முன் அடையாள எண்ணைத்தான் முதலில் விசாரிக்கும். சந்தையில் பிஎம்இ என்று அச்சிட்ட போர்டு 88 என்று பதில் சொல்லி, ஈரப்பதமே தராமல் ஏமாற்றுவதும் நடக்கிறது. அங்கே காட்சி உரையைத் தோற்கடிக்கிறது.

வெளிச்சம் இருந்தும் கண் பிசகினால்? எஸ்பிஐயில் நான்கு மோடுகள் உண்டு. கடிகாரக் கம்பி ஓய்வில் மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா, துடிப்பின் எந்த விளிம்பில் பிட்டை வாசிப்பது என்ற இரண்டு கேள்விகள்தான் நான்காகப் பிரிகின்றன. ஏடிஎக்ஸ்எல்345 கேட்பது மோடு 3. பிஎம்இ280 மோடு 0, மோடு 3 இரண்டிலும் பேசும். தவறான விளிம்பில் வாசித்தால் பிட்டுகள் ஓரிடம் நகர்ந்து, 96 என்பது 48 ஆகவோ 192 ஆகவோ தெரியலாம். கயிற்றைப் பாம்பாகக் காணும் இந்தத் தடுமாற்றத்துக்குத் திரிபு என்று பெயர். அனுபவசாலி 48ஐக் கண்டால் நிம்மதியாகிவிடுவார்: சிப் பேசுகிறது, கேட்பதில்தான் கோளாறு.

போக்குக் கம்பியையும் வரவுக் கம்பியையும் ஒரு ஜம்பர் ஒயரால் இணைத்து, அனுப்பியது அப்படியே திரும்புகிறதா என்று பார்ப்பது இன்னொரு வழக்கம். கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலி கேட்பது போல. தொண்டையும் காதும் சரியாக இருப்பது தெரியும். கிணற்றில் தண்ணீர் உண்டா என்பது தெரியாது.

இருட்டறை நிபந்தனையைத் தத்துவவாதிகள் கடவுள் வரைக்கும் கொண்டுபோனார்கள். காணாதது இல்லை என்ற சார்வாகரை, நியாய குசுமாஞ்சலியில் உதயணர் கேலியே செய்கிறார்: அப்படியானால் வீட்டை விட்டு வெளியே வந்த சார்வாகர், மனைவி மக்கள் கண்ணில் படவில்லையே என்று மார்பில் அடித்துக்கொண்டு அழ வேண்டுமே! கடவுள் கண்ணுக்கு எட்டும் பொருளே அல்ல. ஆகவே காணாமையைக் காட்டி மறுக்க முடியாது என்பது அவர் வாதம். தருமகீர்த்தியும் பிசாசு போன்ற காண முடியாதவற்றில் காணாமை நிச்சயம் தராது, ஐயம்தான் தரும் என்றார். ஆனால் இந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். காணாமையால் மறுக்க முடியாது என்பதாலேயே இருப்பு நிரூபணமாகிவிடாது. உதயணரே கடவுளை நிறுவத் தனியாக அனுமானங்களை அடுக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதில் வரும் கேள்வியைக் கேட்டுவிட்டு ஆத்திகரும் நாத்திகரும் வெற்றி கொண்டாடுவது, வெப்பநிலை ரெஜிஸ்டரில் வந்த 255ஐ வைத்துச் சண்டை போடுவதுதான்.

அடையாள எண்ணே இல்லாத சிப் என்றால் சங்கடம் முற்றுகிறது. மேக்ஸ்31855 அப்படிப்பட்டது. தெர்மோகப்பிளின் வெப்பநிலையை 32 பிட்டுகளாகக் கொட்டும்; அதனிடம் எதையும் எழுத முடியாது, பெயரும் கேட்க முடியாது. வரவுக் கம்பி மேலே ஒட்டிக்கொண்டு 32 பிட்டும் ஒன்றானால் வெப்பம் மைனஸ் 0.25 டிகிரி என்று படிக்கலாம். நல்லவேளையாக எப்போதும் 0 ஆக இருக்க வேண்டிய இரண்டு பிட்டுகள் அதில் உண்டு, குட்டு உடைந்துவிடும். கம்பி கீழே ஒட்டிக்கொண்டால்தான் ஆபத்து. 32 பிட்டும் பூஜ்யம். டேட்டாஷீட்டின்படி அதன் பொருள்: தெர்மோகப்பிள் இருக்கும் உலை 0 டிகிரி, சிப்பின் உட்புறம் 0 டிகிரி, பழுது ஏதும் இல்லை. கட்டுப்பாட்டு மென்பொருள் அதை நம்பி ஹீட்டரை முழுவீச்சில் எரியவிடும்.

மறுப்பு வரும்வரை அறிவை உண்மை என்றே கொள்ளலாம் என்பது குமாரிலர் கட்சி. நியாய மரபினர் அதை ஏற்கவில்லை. தெரிவது தண்ணீரா கானலா என்பது போய்க் குடித்துப் பார்த்தால்தான் தீரும் என்றார்கள். உலை விஷயத்தில் நியாயக் கட்சியே சரி. முப்பரிமாண அச்சு எந்திரங்களை ஓட்டும் மார்லின் மென்பொருள் அதைத்தான் செய்கிறது: ஹீட்டரைப் போட்டபின் குறித்த விநாடிகளுக்குள் சில டிகிரியாவது ஏறாவிட்டால், சென்சார் என்ன சொன்னாலும் எந்திரத்தை நிறுத்திவிடும்.

அதே வரிசையில் பின்னர் வந்த மேக்ஸ்31856 சிப்பில் எழுதித் திரும்பப் படிக்கக்கூடிய ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. அதன் முதலாம் எண் ரெஜிஸ்டரை, மின்சாரம் கொடுத்ததும் எதையும் எழுதாமல் கேட்டால், 3 என்று சொல்லும். மோடு 1 அல்லது 3இல் கேட்க வேண்டும்.