பழியும் நீதியும்

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில், 2018 பிப்ரவரி 22 அன்று, மது என்னும் பழங்குடி இளைஞர், அரிசி முதலிய உணவுப்பொருள் திருடினார் என்று காட்டில் பிடிக்கப்பட்டு, கைகள் கட்டப்பட்டு, அடியுண்டு மாண்டார். அக்காட்சியைப் படமும் எடுத்தனர். வெட்கத்திற்குரிய செயலென எண்ணியிருப்பின் படம் எடுப்பரோ? பழி எப்பொழுதும் நீதியின் உடை அணிந்தே வருகின்றது.

அவர்தம் அன்னையும் சகோதரியும் கோலெடுத்தாரல்லர், நீதிமன்றம் ஏறினர். சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். ஆயினும் 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகளெனக் கண்டு, அவருள் 13 பேருக்கு 7 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது.

பகையைப் பகையால் தணித்தல் இயலாது என்பது பகவானின் போதனை. அங்ஙனமாயின் அத்தாய் வாளாவிருந்திருக்க வேண்டுமோ என்று அன்பர்கள் வினவலாம். வேண்டுவதில்லை. மன்னிப்பு, துன்புற்றவர்க்கே உரிய பொருள்; பார்த்து நின்றவர் அதனை வழங்கவோ வற்புறுத்தவோ உரிமையற்றவர். அவர்க்குள்ள கடமை வாய்மை ஒன்றே. பிறழும் சாட்சி கருணை காட்டுபவனல்லன். துன்புற்றோரைப் பழியின் பக்கம் தள்ளுபவனே. நீதி கிட்டாத நெஞ்சில் பழி எளிதிற் குடியேறும். ஆதலின், வெறுப்பின்றி உண்மை உரைத்தலே பகை தணிக்கும் வழியாம்.