பலிபீடத்து விளக்கின் விலை

ஆலயத்துக்கு வரும் பணத்தை ஏற்பதா, மறுப்பதா என்ற கேள்வி புதியதன்று. யூதாசு கோவிலில் எறிந்துவிட்டுப் போன முப்பது வெள்ளிக்காசுகளைக் கையில் எடுத்த தலைமைக் குருக்கள், அது இரத்தத்தின் விலையாதலால் கோவில் கருவூலத்தில் சேர்ப்பது முறையன்று என்று தீர்ப்புச் செய்ததை மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அப்பணத்தைக் கொண்டு குயவன் நிலத்தை வாங்கி, அந்நியரை அடக்கம் செய்யும் இடமாக ஆக்கினார்கள். சட்டத்தைக் கடைப்பிடிப்பதில்தான் எத்தனை நுட்பம்! அந்தக் காசுகள் முதலில் எவருடைய கையிலிருந்து புறப்பட்டன என்பதை மட்டும் அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்நிகழ்ச்சியை ஈண்டு நினைவுகூரக் காரணம் உண்டு. வழிபாட்டுக் கட்டடங்கள் வெளியிடும் கரியமில வாயுவைக் குறைப்பதற்கென்றே மானியங்கள் வழங்கப்படும் காலம் இது. வத்திக்கானில் ஆறாம் பவுல் அரங்கின் கூரைமேல் 2008ஆம் ஆண்டிலேயே சூரிய ஒளித் தகடுகள் பொருத்தப்பட்டன. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலைத் தந்தார். 2024 ஜூனில் அவரே, உரோமை நகருக்கு வெளியே சாந்தா மரியா தி கலேரியா என்னுமிடத்தில், வத்திக்கானின் மின்தேவை முழுவதையும் நிறைவு செய்யத்தக்க சூரிய மின் நிலையம் அமைய ஆணையிட்டார். இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் சங்கமோ, 2030க்குள் நிகர வெளியீடு சுழியம் என்ற இலக்கை 2020 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. அதற்கென 19 கோடி பவுண்டு ஒதுக்கப்படும் என்று 2022இல் அறிவித்தது.

அந்தப் பவுண்டுகளுக்கும் ஒரு கதை உண்டு. அச்சபையின் முதலீடுகளைப் பேணும் ஆணையத்தின் முன்னோடியாக இருந்தது, 1704இல் ஏழைக் குருக்களின் வாழ்க்கைக்கென நிறுவப்பட்ட ‘ஆன் அரசியின் கொடை’ என்னும் நிதியம். அந்நிதியம் பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமை வணிகம் செய்த தென்கடல் நிறுவனத்தில் பணம் போட்டிருந்தது. ஆணையம் தானே கணக்கேடுகளை ஆராயச் செய்து இவ்வுண்மையை வெளியிட்டது. 2023 ஜனவரியில், இதற்கு ஈடாகப் பத்துக் கோடி பவுண்டு ஒதுக்குவதாகவும் அறிவித்தது. ஏழைக் குருவின் அப்பம் அடிமையின் முதுகிலிருந்து வந்திருக்கிறது. கொடுத்தவரின் கை தூயதா என்று கேட்கப் புகுந்தால் கேள்வி எங்கே போய் நிற்கும் என்பதற்கு இது ஒரு சான்று. ஆனால் அவர்கள் கேள்வியைக் கேட்டார்கள், விடையை மறைக்கவில்லை. இதை நாம் மதிக்கிறோம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997இல் பிரிந்த தருமபுரி மறைமாவட்டத்தில், கருநாடக எல்லையை ஒட்டி நிற்கும் ஊர் ஓசூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, ரோஜாத் தோட்டங்களும் ராகிக் கொல்லைகளும் இருந்த இந்நிலத்தின் முகமே மாறிற்று. இரு சக்கர வண்டியும் கைக்கடிகாரமும் சரக்குந்தும் இங்கிருந்து நாடெங்கும் செல்கின்றன. தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்றும் கலந்து ஒலித்த தெருக்களில் இன்று ஒடியாவும் இந்தியும் கேட்கின்றன. இப்பகுதியின் பங்கு ஒன்று, தன் ஆலயக் கூரைமேல் சூரியத் தகடு பதிக்க உதவி தேடுவதாக வைத்துக்கொள்வோம். எங்கே போகும்?

பிரதமரின் ‘சூர்ய கர்’ திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கிற்று. மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. ஆனால் அது குடியிருப்புகளுக்கு உரியது. ஆலயத்தை இறைவனின் இல்லம் என்று நாம் எத்தனை முறை சொன்னாலும் மின்வாரியக் கணக்கில் அது வீடு அன்று. வெளிநாட்டு உதவி என்றால், அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தம் குறுக்கே நிற்கிறது. பணம் தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக்கே வர வேண்டும்; பெற்ற அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குக் கைமாற்றித் தரவும் இயலாது. எஞ்சியிருப்பது பக்கத்துத் தொழிற்சாலை. 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சுற்றுச்சூழல் காப்பு அந்தப் பட்டியலில் உண்டு. வழிபாட்டு இல்லம் கட்டுவது இல்லை. ஆகவே விண்ணப்பம் பங்கின் பள்ளிக்கூடத்தையோ சமூகக் கூடத்தையோ முன்னிறுத்தியே எழுதப்படும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இப்பகுதியில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் மின்சாரம் தரும். ஐந்து கிலோவாட் என்றால் ஆண்டுக்கு ஏழாயிரம் யூனிட். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்று கொண்டால், ஆண்டில் ஏறத்தாழ ஐந்து டன் மிச்சம். ஒரு மெகாவாட் மின்சாரம் இழுக்கும் ஆலையோ இதே ஏழாயிரம் யூனிட்டை ஒரு ஷிப்டு முடிவதற்குள் செலவழித்துவிடும். நம் ஆலயம் ஓர் ஆண்டில் செய்யும் நோன்பை ஆலை காலைப் பொழுதிலேயே உண்டு முடிக்கிறது. அப்படியிருக்க, அந்த ஆலை கொடுக்கும் பணத்தில் நாம் தகடு பதித்து, அதன் பெயர்ப் பலகையையும் நுழைவாயிலில் மாட்டினால், யார் யாருக்கு நற்சான்று தருகிறார்கள்?

இதனால் தகடே வேண்டாம் என்று முடிவு கட்டுவோரும் உளர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. சீராக்கின் ஞானநூலில் 34ஆம் அதிகாரம், ஏழைகளின் உடைமையிலிருந்து எடுத்துப் பலி செலுத்துவதைத் தந்தையின் கண்முன்னே மகனைக் கொல்வதற்கு ஒப்பிடுகிறது. 1514இல் கியூபாத் தீவில், பெந்தக்கோஸ்துத் திருநாளுக்காக மறையுரை ஆயத்தம் செய்துகொண்டிருந்த பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்னும் குரு இப்பகுதியைப் படித்தார். அவரிடமே அடிமைகளாகப் பழங்குடி மக்கள் உழைத்துக்கொண்டிருந்தனர். அவர்களை விட்டுவிட்டு, எஞ்சிய வாழ்நாளெல்லாம் அவர்களுக்காக வழக்காடினார். அந்தக் குரு தம் அண்டை வீட்டாரின் பலியை ஆராயவில்லை. தாம் ஒப்புக்கொடுக்கும் அப்பமே எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

நம் பலிபீடத்து விளக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து. நெய்வேலியில் 1956இல் நிறுவனம் தொடங்கியது முதல், பழுப்பு நிலக்கரிக்காக இடம் பெயர்ந்த ஊர்கள் பல. 2023 ஜூலையில் வளையமாதேவியில், கதிர் முற்றிக்கொண்டிருந்த நெல்வயலில் இயந்திரங்களை இறக்கி வாய்க்கால் வெட்டியதை நாடே கண்டது. ஓர் உழவனின் கதிரும் நம் திருப்பலியின் மின்விளக்கும் ஒரே கம்பியின் இரு முனைகளில் உள்ளன. ஐந்து டன் சிறிய அளவுதான். ஏழைக் கைம்பெண்ணின் இரு காசும் சிறிய அளவுதான். ஆனால் அவள் தன்னுடையதிலிருந்து போட்டாள். மானியத்தின் இடர்ப்பாடே இங்குதான் இருக்கிறது. பிறர் காசில் நாம் கைம்பெண்ணாக முடியாது.

இன்னொரு முரண்பாடு இதனினும் நம்மை உறுத்துகிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பகுதியில் தகரக் கூரை வேய்ந்த ஒரு சிற்றாலயத்தைக் கற்பனை செய்வோம். இரண்டு விளக்குகள், ஒரு மின்விசிறி. மாதம் ஒருமுறை திருப்பலி. மக்கள் நடந்தே வருகிறார்கள். அங்கே குறைப்பதற்கு வெளியீடு என்று ஒன்றும் இல்லை. குறைக்க ஒன்றும் இல்லாததால் மானியத்துக்கும் தகுதி இல்லை. நகரத்துப் பேராலயமோ, ஒலிபெருக்கியும் குளிர்சாதனமும், 2012ஆம் ஆண்டின் கடும் மின்வெட்டுக் காலத்தில் பலரும் வாங்கியதுபோல் ஒரு டீசல் ஜெனரேட்டரும் வைத்திருப்பதால், அதிகம் குறைத்துக் காட்ட வல்லது. அதிகம் செலவழித்தவனுக்கே அதிகப் பரிசு. ஊதாரி மகனின் உவமையில் மூத்தவன் வெளியே நின்று முறையிட்டதை நாம் பொறாமை என்று எளிதில் தள்ளிவிடுகிறோம். இந்தக் கணக்கில் அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. உவமையில் இளையவனாவது திரும்பி வந்தான். திரும்பி வராமலே கொழுத்த கன்றைக் கேட்கவில்லை.

திரும்பி வருவது என்பது இங்கே என்ன? மின்கட்டணம் குறைந்தால் மிஞ்சும் பணம் எங்கே போகும் என்பதைப் பார்த்தால் தெரியும். நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று 1865இல் ஜெவன்சு என்ற ஆங்கிலப் பொருளியலறிஞர் எழுதினார். பங்குத் திருவிழாவைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் இலவசம் என்றதும் கோபுரத்து வண்ண விளக்குச் சரம் தெருமுனை வரை நீளும். அடுத்த ஆண்டில் குளிர்சாதனம் வேண்டும் என்ற குரல் எழும். முன்னோர் சுண்ணச் சாந்தில் எழுப்பிய தடித்த சுவரும் உயர்ந்த சாளரமும் உள்ள பழைய ஆலயங்களில் நண்பகலிலும் குளிர்ச்சி இருக்கிறது. மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஓசூரிலேயே கான்கிரீட் பெட்டி போன்ற ஆலயங்களைக் கட்டி, பிறகு வெப்பம் தாங்கவில்லை என்று வருந்துகிறோம். சாளரத்தைத் திறக்க எந்த மானியமும் வேண்டியதில்லை; திறந்து வைத்ததற்குச் சான்றிதழும் கிடைக்காது.

கொடையாளரைப் பற்றிய கேள்விக்கு மீண்டும் வருவோம். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து வரும் கழிவு, தென்பெண்ணையாற்றில் கலந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாய்ப் பொங்குவதைப் பலரும் கண்டிருப்போம். அந்த நீரில்தான் நம் உழவர்கள் பயிர் செய்கிறார்கள். ஆற்றைக் கெடுப்பவர் எவராயினும், எல்லைக்கு அப்பால் இருந்தாலும் இப்பால் இருந்தாலும், அவரிடம் தகடு வாங்கிக்கொண்ட பிறகு ஆற்றைப் பற்றி ஞாயிறு மறையுரையில் பேச நமக்கு நா எழுமா? எழும் என்றால் வாங்கலாம். எழாது என்று உள்ளூர ஐயம் தோன்றினால், அந்தத் தகடு எத்தனை யூனிட் கொடுத்தாலும் விலை மிகுதி. பணத்தில் கறை இருக்கிறதா என்று நோக்கும் தலைமைக் குருக்களின் அளவுகோலைவிட, பணம் நம் வாயைக் கட்டுகிறதா என்று நோக்கும் இந்த அளவுகோல் நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. கறையற்ற பணம் கிடைப்பது அரிது.

நடைமுறையில் ஒன்று சொல்லலாம். தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். மின்கலம் வைத்தால் அது சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். மானியம் தகட்டை வாங்கித் தருமேயன்றி, அதன்மேல் படியும் கிரானைட் குவாரித் தூசியைத் துடைக்க ஆள் தராது. துடைக்காத தகடுகளும் பழுதான இன்வெர்ட்டர்களும் கூரைமேல் கிடந்து, நுழைவாயிலில் கொடையாளர் பெயர் மட்டும் மின்னும் நிலை எங்கும் நேரக்கூடியதே. ஆதலால் பராமரிப்புச் செலவைப் பங்கு மக்கள் தம் கையிலிருந்து போடுவதாகப் பங்குப் பேரவை முன்னதாகவே தீர்மானம் எழுதிவிட்டு, அதன்பின் விண்ணப்பத்தைத் தொடுவது நலம். மிஞ்சும் மின்கட்டணத்தில் ஒரு பங்கு மலைமேல் உள்ள அந்தச் சிற்றாலயத்தின் விளக்குக்கும், அதைச் சுற்றியுள்ள வீடுகளின் விளக்குக்கும் ஆண்டுதோறும் போகும் என்பதையும் அதே ஏட்டில் எழுதலாம். இத்தகைய விண்ணப்பங்களில் பயனாளிகள் யார் என்று கேட்கும் ஒரு பகுதி வழக்கமாக உண்டு. அங்கே எந்த ஊரின் பெயரை எழுதுவது என்று பேரவையில் வாக்குவாதம் நடக்கட்டும். ஓர் இரவு முழுவதும் நடந்தாலும் தவறில்லை.