இன்னும் ஒரு வருஷம்



கனியற்ற அத்திமரத்தை வெட்டாமல், கொத்தி எருப்போட்டு இன்னும் ஒரு வருஷம் பார்ப்போமென்று மன்றாடிய தோட்டக்காரனைச் சுவிசேஷத்தில் அறிவீர்கள். அமெரிக்காவில் பேஸ்பால் ஆடிய மைக் ஜுனினோ என்னும் வாலிபரை நினைக்கையில் அந்தத் தோட்டக்காரனே நம் ஞாபகத்துக்கு வருகிறான்.

அவர் கேட்சர், மட்டைக்காரனுக்குப் பின்னால் முகமூடியணிந்து குந்தியிருந்து, பாய்ந்துவரும் பந்துகளைப் பிடிப்பவர். முழங்கால் தேயும் ஊழியம்! 2012-ல் சியாட்டில் மரைனர்ஸ் குழு அவரைத் தெரிந்துகொண்டு, மறு வருஷமே பெரிய லீகில் இறக்கிற்று. அவசரம்தான் என்பது நம் எண்ணம். 2015-ல் 100 முறை மட்டை பிடித்தால் 17 முறைதான் அடி பலித்தது. ஆகஸ்டில் கீழ் லீகுக்கு அனுப்பினார்கள். தண்டனை என்பீர்களோ? கொத்தி எருப்போட்டதல்லவா அது!

2017-ல் 25 ஹோம் ரன் அடித்தார். 2021-ல் டம்பா பே குழுவில் 33. ஆல் ஸ்டார் ஆட்டத்திலும் ஒன்று. அப்போதும் சராசரி தாழ்ந்தே இருந்தது.