மருத்துவரை விசாரிப்பது தவக்குலுக்கு மாறா?

நண்பரின் மனைவிக்கு மூளையில் கட்டி. அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் கூறிவிட்டார். எந்த சர்ஜனிடம் போவது என்று வீட்டார் விசாரிக்கத் தொடங்கினர். அங்கிருந்த பெரியவர் ஒருவர், "ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். அவன் நாடினால் எந்தக் கையாலும் குணமாகும். இத்தனை விசாரணை ஈமானின் பலவீனமல்லவா?" என்றார். எல்லோரும் வாயடைத்துப் போயினர். (தம் கண்ணில் புரை எடுக்க அவரும் நாலு பேரிடம் விசாரித்தவர்தாம்!)

அவர் கூற்றில் முற்பாதி சத்தியம். பிற்பாதியைத்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு சம்பவம் காணப்படுகிறது. காயமுற்ற ஒருவருக்காக பனூ அன்மார் கோத்திரத்தார் இருவர் அழைக்கப்பட்டனர். பெருமானார் (ஸல்) அவர்கள் வினவியது, இருவரில் மருத்துவத்தில் சிறந்தவர் யார் என்பதே. நோயை இறக்கியவனே மருந்தையும் இறக்கினான் என்று அவர்கள் அருளியதும் அதே இடத்தில்தான்.

ஹிஜ்ரத் பயணத்தில் வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது இஸ்லாத்தைத் தழுவியவரல்லர். வழி அறிந்தவர், நம்பகமானவர். 'நம்மவர் டாக்டர்' என்பதை மட்டும் பார்த்துத் தலையை ஒப்படைப்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

சரி, எதை விசாரிப்பது? 'நியூரோ டாக்டர்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் நியூராலஜியில் டி.எம். பெற்றவர் மருந்தால் வைத்தியம் செய்பவர், நியூரோசர்ஜரியில் எம்.சிஹெச். அல்லது அதற்கு ஈடான பட்டம் பெற்றவரே அறுவை செய்பவர். அவர்களிலும் முதுகுத்தண்டில் கைதேர்ந்தவர் வேறு, மண்டையோட்டின் அடியிலுள்ள கட்டியில் கைதேர்ந்தவர் வேறாக இருக்கலாம். இதே மாதிரிக் கட்டியை எத்தனை பேருக்கு எடுத்திருக்கிறீர்கள், பேச்சு, பார்வை, கைகால் அசைவு இவற்றில் எதற்கு ஆபத்து, எடுக்காமல் விட்டால் என்னவாகும் என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. ஸ்கேன் படத்தை இன்னொருவரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்பதும் மஷ்வராவே.

என் லாத்தாவின் விஷயத்தில் நான் கேட்கவில்லை. டாக்டர் அவசரத்திலிருந்தார், எனக்கோ வெட்கம். அறுவைக்குப் பின் லாத்தாவுக்குப் பேச்சுத் தடுமாறியது. அப்படி நேரக்கூடும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அல்லாஹ்வின் விதியை நான் நொந்து கொள்ளவில்லை. வாய் திறக்காத என்னைத்தான் நொந்து கொள்கிறேன்.

விபத்தில் அடிபட்டு மண்டைக்குள் இரத்தம் கசிபவருக்கு இவ்விசாரணை பொருந்தாது. ஸ்கேன் வசதியும் நியூரோசர்ஜனும் உள்ள அருகாமை ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டியதுதான்.

இஸ்திகாரா தொழ வேண்டாமா என்பீர்கள். அவசியம் தொழுங்கள். கேட்க வேண்டியதைக் கேட்டு, ஒருவரிடம் மனம் சாய்ந்தபின் முஸல்லாவை விரியுங்கள்.