கொடுக்கும் கையும் கற்கும் கையும்

செல்வமுள்ள நாடு ஒன்று, வறிய நாட்டின் பள்ளிகளில் அறிவியல் வளரப் பொருள் உதவுகிறது. அது நற்செயலே, ஐயமில்லை. எனினும் ஒரு வினா எழுகிறது: கொடுத்தவன் என்றும் ஆசானாகவும், பெற்றவன் என்றும் மாணவனாகவுமே இருக்க வேண்டுமா?

9ஆம் நூற்றாண்டின் பக்தாதை நினைவுகூர்வோம். கணிதத்திலும் பொறிக்கலையிலும் வல்லவர்களான பனூ மூஸா சகோதரர் மூவர், கிரேக்க நூல்களின் மொழிபெயர்ப்புக்குத் தம் செல்வத்தை வாரி வழங்கினர். அவர்களிடம் ஊதியம் பெற்ற ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறிஸ்தவர். தாபித் இப்னு குர்ரா ஹர்ரான் நகரத்து ஸாபியீ. பொருள் கொடுத்தவர்களே அம்மொழிபெயர்ப்புகளின் முன் மாணவர்களாக அமர்ந்தனர். நாம் ஈகை என்பது அவர்களுக்குக் கல்விக் கட்டணமாகவே இருந்தது.

நம் காலத்திலும் இதற்கொப்பான முயற்சி உண்டு. அமெரிக்காவில் 1994இல் அறிவிக்கப்பெற்று, 1995இல் தொடங்கிய 'குளோப்' திட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்தன. பள்ளிச் சிறார் தம் ஊரின் மழையையும் வெப்பத்தையும் மண்ணையும் அளந்து, அக்கணக்கைப் பொதுத் தொகுப்பில் சேர்ப்பதே அதன் முறை. மையப் பணிகளின் செலவை அமெரிக்க அரசு ஏற்றது. இணைந்த நாடுகள் தத்தம் செலவைத் தாமே ஏற்றன. சிற்றூர்ச் சிறுமி அளந்த மழைக்கும் வல்லரசின் மாணவன் அளந்த மழைக்கும் அங்கே மதிப்பு ஒன்றே.

ஆயின், தன் செலவைத் தானே ஏற்க இயலாத பள்ளி என் செய்யும்? அங்கே உதவுவது கடமையாகிறது. மழைமானியைக் கொடுத்துவிட்டு, அது காட்டும் அளவைக் கேளாதிருப்பது தருமம். கேட்டுக் கற்பதே கூட்டுறவு. பொருளை எண்ணுமுன் நம் நிய்யத்தை எண்ணிப் பார்ப்போமாக!