பிள்ளைகுட்டிக்காரனுக்கு எதற்கு வம்பு?

ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் என்ற ஆஸ்திரிய விவசாயியின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் நாஜிகள் அவரைக் கொன்றதைவிட வேறொன்று என்னை அதிகம் உறுத்துகிறது. நாஜிகளிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? ஆனால் அவர்மீது அன்பு வைத்திருந்த நல்லவர்கள் அத்தனை பேரும் ஒரே பேச்சைப் பேசினார்களே, அதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. பெற்ற தாய், உறவினர், அக்கம்பக்கத்தார், பங்குத்தந்தை, மறைமாவட்ட ஆயர், கடைசியில் அவருக்காக வாதாட வந்த வழக்கறிஞர் வரை எல்லோரும் சொன்னதன் சாரம் ஒன்றுதான்: உனக்கு மனைவி இருக்கிறாள், மூன்று பெண் குழந்தைகள் இருக்கிறார்கள், யோசித்துப் பார். நம் வீடுகளில் இதையே "பிள்ளைகுட்டிக்காரனுக்கு எதற்கு வம்பு" என்போம்.

அவர் ஊர் சாங்க்ட் ராடெகுண்ட். ஜெர்மனியை ஒட்டி, சால்சாக் ஆற்றங்கரையில் உள்ள சிறிய கிராமம். ஹிட்லர் பிறந்த பிரௌனாவ் நகரமும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1907இல், திருமணமாகாத ஓர் ஏழைப் பெண்ணுக்கு மகனாகப் பிறந்தார். பெற்ற தகப்பன் முதல் உலகப் போரில் மாண்டுபோனார். பிறகு தாயை மணந்துகொண்ட யேகர்ஷ்டெட்டர் பையனைத் தத்தெடுத்துத் தன் பெயரைக் கொடுத்தார். இளவயதில் ஃபிரான்ஸ் ஒன்றும் சாது இல்லை. ஊரிலேயே முதன்முதலில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்; கைகலப்புக்குத் தயங்காதவர்; 1933இல் மணமுடிக்காமலே ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனானவர். 1936இல், பெரிய வியாழன் அன்று பிரான்சிஸ்காவைக் கைப்பிடித்தார். இருவரும் உரோமைக்குப் போய்வந்தார்கள். அந்தத் திருமணத்துக்குப் பிறகுதான் விவிலியமும் திருப்பலியும் அவருடைய அன்றாட வாழ்வில் கலந்தன என்று ஊரார் சொன்னார்கள். இதையெல்லாம் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. மறைசாட்சிகளைப் பீடத்தில் ஏற்றிவைத்து, அவர்கள் பிறவியிலேயே வேறு ரகம் என்று நாம் நம்மைச் சமாதானப்படுத்திக்கொள்கிறோம். இவர் அப்படி இல்லை.

1938 மார்ச்சில் ஜெர்மானியப் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஏப்ரல் 10 அன்று, இந்த இணைப்பை ஏற்கிறீர்களா என்று மக்களிடம் வாக்கெடுப்பு. ஆம் என்று வாக்களிக்கும்படி ஆஸ்திரிய ஆயர்களே அறிக்கை விட்டிருந்தார்கள். வியன்னாவின் கர்தினால் இன்னிட்சர் அதோடு அனுப்பிய கடிதத்தில் ஹிட்லர் வாழ்க என்று தன் கைப்படச் சேர்த்தே எழுதினார். அந்தச் சூழலில் சாங்க்ட் ராடெகுண்டில் இல்லை என்று வாக்களித்தவர் ஃபிரான்ஸ் ஒருவர் மட்டுமே. அந்த ஒரு வாக்கையும் ஊர்த் தலைமை மறைத்து, நூற்றுக்கு நூறு ஆதரவு என்று மேலிடத்துக்கு எழுதியது. அவரைக் காட்டிக்கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அன்பினால் செய்ததுதான். ஆனால் அந்த அன்பு அவருடைய சொல்லையே இல்லாமல் ஆக்கிவிட்டது.

அதன் பிறகு சின்னச் சின்ன மறுப்புகள். ஆலங்கட்டி மழையில் பயிர் போனபோது அரசு தந்த நிவாரணப் பணத்தை வாங்க மறுத்தார். குடும்பங்களுக்கு அரசு கொடுத்த உதவித்தொகையையும் வாங்கவில்லை. கட்சி நன்கொடைக்காக வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பினார். ஒரு சாதாரண விவசாயிக்கு இந்தப் பணத்தை விடுவதும் பெரிய காரியம்தான். 1943இல் அவர் சொன்ன பெரிய மறுப்பு திடீரென்று வானத்திலிருந்து இறங்கியதாக நான் நினைக்கவில்லை. கையில் வாங்கியிருக்கக்கூடிய பணத்தை வாங்காமல் விட்ட ஐந்தாண்டுகள் அதற்குப் பின்னால் இருந்தன.

இடையில் அவர் பட்டாளத்துக்குப் போகவும் செய்தார். 1940இல் அழைப்பு வந்தது. போனார், உறுதிமொழி எடுத்தார், என்ஸ் நகரில் பயிற்சி பெற்றார். விவசாய வேலைக்குத் தேவைப்படுகிறவர் என்று ஊரார் எழுதிக் கேட்டதால் 1941 ஏப்ரலில் வீடு திரும்பினார். மனநலம் குன்றியவர்களை அரசே கொன்றுவருகிற செய்தியும் அந்தக் காலத்தில் அவர் காதுக்கு எட்டியது. வீட்டு மேசையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களில் எழுதினார். ரஷ்யாவில் நடப்பது கம்யூனிசத்துக்கு எதிரான புனிதப் போர் என்றார்கள். அப்படியென்றால் அங்குள்ள தாதுச் சுரங்கமும் எண்ணெய்க் கிணறும் நல்ல விளைநிலமும் எதற்கு வேண்டும் என்று கேட்டார். எட்டு ஆண்டு கிராமப் பள்ளிப் படிப்பு மட்டுமே உள்ள ஒருவருக்குத் தெரிந்தது, பல்கலைக்கழக இறையியல் பேராசிரியர்கள் பலருக்குத் தெரியாமல் போயிருக்குமா? தெரிந்துதான் இருக்கும். மறுபடி அழைப்பு வந்தால் போவதில்லை என்று அவர் முடிவெடுத்தார்.

முடிவெடுத்தாரே தவிர, தன் அறிவை மட்டும் நம்பி நிற்கவில்லை. திருச்சபை தனக்கு வழிகாட்டும் என்று நம்பி லின்ஸ் நகர ஆயர் ஃபிலீஸரைத் தேடிப் போனார். மனைவி வெளியே காத்திருந்தார். ஆயர் சொன்னது இதுதான்: போரின் நியாய அநியாயத்தைத் தீர்மானிப்பது ஒரு குடும்பத் தகப்பனின் பொறுப்பல்ல, உன் பொறுப்பு உன் வீடு. வெளியே வந்த ஃபிரான்ஸின் முகம் வாடியிருந்தது. அவர்களுக்கும் பயம், துணிந்து பேசினால் அடுத்து அவர்கள் தலைக்கே வந்துவிடும் என்ற பொருளில் மனைவியிடம் சொன்னார். ஆயரைப் பற்றி ஒரு கடுஞ்சொல் இல்லை. பழைய பங்குத்தந்தை காரோபாத், நாஜிகளை விமர்சித்துப் பிரசங்கம் செய்து சிறைக்குப் போனவர். அவரே ஃபிரான்ஸைத் தடுக்கப் பார்த்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் ஃபிரான்ஸ் வேத வசனத்தைக் கொண்டே தன்னை வாயடைக்கச் செய்துவிட்டார் என்று பின்னாளில் சொன்னார்.

அதிகாரிகளுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் உரோமையர் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தை எல்லோரும் அவர்முன் வைத்தார்கள். திருத்தூதர் பணிகள் 5ஆம் அதிகாரத்தில், மனிதருக்கு அல்ல, கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று யூதத் தலைமைச் சங்கத்தின் முன் பேதுரு நின்று சொன்ன பதிலும் அதே விவிலியத்தில்தான் இருக்கிறது. எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்பதை அன்றைக்குப் பெரும்பாலும் பயமே தீர்மானித்தது.

ஆயினும் அந்த நல்லவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதில் உண்மை இருக்கிறது. ஐந்து வயது, நான்கு வயது, இரண்டு வயதில் மூன்று குழந்தைகள். வயதான தாய். உழவும் அறுப்பும் மாடுகன்றும் ஒரே பெண்ணின் தலையில். தன் மனசாட்சியைக் காப்பாற்றிக்கொள்ளும் கணக்கை மனைவி மக்கள் தீர்க்கும்படி விட்டுப் போக ஒருவருக்கு உரிமை உண்டா? பிரான்சிஸ்காவும் ஆரம்பத்தில் வேண்டாமென்று மன்றாடியவர்தான். பிறகு அந்த மன்றாட்டை நிறுத்திக்கொண்டார். நானும் அவர் பக்கம் நிற்காவிட்டால் அவருக்கு யாருமே இருந்திருக்க மாட்டார்கள் என்பதே, பிற்காலத்தில் அவர் சொன்ன காரணம்.

என் சித்தப்பா ஒருவர் ஓர் அரசு அலுவலகத்தில் ஓவர்சியராக இருந்தார். ஒற்றை அடுக்கு ஜல்லி போட்ட சாலைக்கு இரண்டு அடுக்கு என்று எம்-புக்கில், அதாவது வேலையின் அளவைப் பதியும் புத்தகத்தில், பதிந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மறுத்தார். அந்த வாரம் முழுக்க கான்ட்ராக்டர் ஒருமுறைகூட வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் உறவுக்காரர்கள்தான். திண்ணையில் உட்கார்ந்து, காபி குடித்து, "ஊரே போடுது, நீ மட்டும் போடாம நாட்டைத் திருத்திடப் போறியா" என்று ஆதங்கத்தோடு கேட்டார்கள். அழாத குறையாகக் கேட்டவர்களும் உண்டு. சித்தி மட்டும் உள்ளிருந்து வந்து, "ஏங்க, தூரமா மாத்திட்டா ரெண்டு வீட்டு வாடகை எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். அதோடு பேச்சு நின்றது. மாற்றல் வந்தது, போனார். ஒரு மாற்றல் உத்தரவையும் ஒரு மரண தண்டனையையும் ஒரே தராசில் வைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் தீமையை மறுக்கிற மனிதரைச் சுற்றி உட்காருகிறவர்கள் இரண்டு விதம் என்பதை நான் அந்தத் திண்ணையில்தான் பார்த்தேன்.

1943 மார்ச் 1 அன்று ஃபிரான்ஸ் என்ஸ் முகாமுக்குப் போய், ஆயுதம் ஏந்த மாட்டேன் என்றார். அடுத்த நாளே கைது. லின்ஸ் சிறையில் இரண்டு மாதம், பிறகு பெர்லினின் டேகல் சிறை. காயம்பட்டவர்களைப் பராமரிக்கும் வேலை கொடுங்கள், செய்கிறேன் என்றார். ஏற்கவில்லை. பிரான்சிஸ்காவின் கடிதங்களில் வயல் வேலை, விதைப்பு, குழந்தைகளின் குறும்பு, கொஞ்சம் செபம். ஒருமுறை மூன்று பெண்களும் வரிசையாக நிற்கும் புகைப்படம் போனது. அப்பா சீக்கிரம் வாருங்கள் என்று எழுதிய அட்டையை அவர்கள் கையில் பிடித்திருந்தார்கள். அந்தப் படத்தைச் சிறையில் வைத்துப் பார்த்தபடி ஒருவர் தன் முடிவில் நிற்பது என்றால் என்ன என்பதை நினைக்கவே எனக்கு நெஞ்சு நடுங்குகிறது.

ஜூலை 6 அன்று இராணுவ உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. படைபலத்தைக் குலைத்தார் என்பது குற்றச்சாட்டு. ஜூலை நடுவில் பிரான்சிஸ்காவும் புதிய பங்குத்தந்தையும் பெர்லினுக்குப் போய் அவரைப் பார்த்தார்கள். இருபது நிமிடம். மனதை மாற்றிக்கொள்ளும்படி கடைசித் தடவையாக அந்தக் குருவானவர் கேட்டுப்பார்த்தார், பிரான்சிஸ்கா கேட்கவில்லை. டேகலில் இருந்த ஒரு சிறைக் குருவானவர், ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற குருவும் இதே காரணத்துக்காக ஓராண்டுக்கு முன் உயிரைக் கொடுத்தார் என்ற செய்தியைச் சொன்னபோது ஃபிரான்ஸ் அடைந்த ஆறுதல் கொஞ்சநஞ்சமல்ல. தன்னைப் போல் நினைத்த ஒரு கத்தோலிக்கர் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள அவர் மரண தண்டனைக் கைதிகளின் அறைவரை போக வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்கில் கில்லட்டினில் தலை துண்டிக்கப்பட்டது. வயது 36.

இதனால் போர் ஒரு நாள்கூட முன்னதாக முடியவில்லை. அவர் மறுத்தார் என்பதற்காக ஒரு யூதர்கூடக் காப்பாற்றப்படவில்லை. பலனை மட்டும் வைத்துப் பார்ப்பவர்கள் இதை வீண் சாவு என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஹிட்லரின் இயந்திரம் கோடிக்கணக்கான சாதாரணக் கைகளால் ஓடியது. வீட்டில் நல்ல தகப்பனாக இருந்தவர்களின் கைகள். ஒருவர் தன் கையை மட்டும் எடுத்துக்கொண்டார். கையை எடுப்பது சாத்தியம் என்று அதன் மூலம் தெரிந்துவிட்டது. எடுக்கவே முடியாது, எங்களுக்கு வேறு வழியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அது பதிலாகிவிட்டது. ஊர் பின்னாளில் அவர்மீது கோபப்பட்டதற்கும் அதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

அதே ஆண்டுகளில் பிரான்சின் தென்பகுதி மலைப்பீடபூமியில் லெ ஷாம்போன் என்ற சீர்திருத்தச் சபைக் கிராமம் வேறுவிதமாக நடந்துகொண்டது. போதகர் ஆந்திரே த்ரோக்மேவும் அவர் மனைவி மக்டாவும் சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்களும் ஆயிரக்கணக்கான அகதிகளை, பெரும்பாலும் யூதர்களை, வீட்டுக்கு வீடு பிரித்து ஒளித்துவைத்தார்கள். போதகரின் உறவினரான தானியேல் த்ரோக்மே, தான் பார்த்துக்கொண்ட மாணவர்களோடு கைதாகி 1944இல் மய்தானெக் முகாமில் இறந்தார். அங்கும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான் இருந்தார்கள். ஆனால் ஆபத்தைப் பகிர்ந்துகொள்ள ஆள் இருந்தது. ஒரு வீட்டில் ரொட்டி தீர்ந்தால் அடுத்த வீட்டில் கிடைத்தது. ஒரு தகப்பன் பிடிபட்டால் அவன் வீட்டை எட்டிப் பார்க்க ஊர் இருந்தது. முன்னோர் தங்கள் விசுவாசத்துக்காக ஒளிந்து வாழ்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த சனம் அது. சாங்க்ட் ராடெகுண்ட் மக்கள் அவர்களைவிடக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களை அப்படி ஒன்றுசேர்க்க யாரும் முன்வரவில்லை.

போர் முடிந்த பிறகும் பிரான்சிஸ்காவுக்கு நிம்மதி இல்லை. கணவனைத் தடுக்காதவள் என்று ஊர் பழித்தது. போரில் இறந்தவர்களின் விதவைகளுக்குக் கிடைத்த ஓய்வூதியம் 1950 வரை அவருக்கு மறுக்கப்பட்டது. மறைமாவட்ட இதழில் ஃபிரான்ஸைப் பற்றிக் கட்டுரை வெளியிட ஆயர் ஃபிலீஸர் 1946இல் இசையவில்லை. கடமையைச் செய்து களத்தில் இறந்த கத்தோலிக்க இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவர் கருத்து. வேறு ஆய்வுக்காக வந்த கார்டன் சான் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் தற்செயலாக இந்தக் கதையைக் கண்டெடுத்து 1964இல் புத்தகமாக்கிய பின்தான் உலகம் அறிந்தது. 1997இல் பெர்லின் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26 அன்று அதே லின்ஸ் நகரின் பேராலயத்தில் திருச்சபை அவரை அருளாளராக அறிவித்தது. 94 வயது பிரான்சிஸ்கா அங்கே இருந்தார். 2013இல், நூறு வயது நிறைந்து சில நாட்களில் இறந்தார்.

ஆயர் ஃபிலீஸர் அன்று வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். நீயும் மறுத்துவிட்டு வா என்று அவர் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை; அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் எனக்கு அந்தத் துணிச்சல் இருந்திருக்குமா என்று தெரியாது. அவர் இவ்வளவு சொல்லியிருக்கலாம்: உன் முடிவு உன்னுடையது, மகனே. நீ போனால் அறுவடைக்கு ஆள் அனுப்புகிறேன். உன் பிள்ளைகளின் படிப்பு மறைமாவட்டத்தின் பொறுப்பு. உன் மனைவியை ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் பங்குத்தந்தை பார்த்துக்கொள்வார். இதைச் சொல்ல வீரம் வேண்டியதில்லை. அறுவடைக்கு நாலு ஆள், பள்ளிக்கூடத்தில் மூன்று இடம், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் ஒரு வாக்கியம் போதும். அவற்றைத் தர ஒரு மறைமாவட்டத்தால் முடியும். நம் ஊர்ப் பங்குகளாலும் முடியும்.