யாருக்காக எழுதப்படும் கணக்கு?

கண்டியைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களில் ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று சொல்வது வழக்கம். விதித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவளுக்கு ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். மாலையில் மடுவத்திலே கொழுந்து நிறுக்கப்படுகிறது. அதைக் கணக்கப்பிள்ளை ஏட்டில் பதிகிறார். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றிய முறைப்பாடு மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருவது. கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர தோட்டத்தில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதை வரலாறு பெருமையோடு பதிந்து வைத்திருக்கிறது. அத்தேயிலையைப் பறித்த கைகள் யாருடையவை என்பதை அவ்வளவு அக்கறையோடு பதிந்தவர் எவருமில்லை.

இப்போது இம்மலைகளை நோக்கி இன்னொரு கணக்கேடு வருகிறது. உலக வெப்பமேற்றத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உள்ள பங்கையும், அதனால் நிறுவனத்துக்கு நேரக்கூடிய ஆபத்தையும் ஒரே விதமாக எழுதச் சொல்லும் இரண்டு நியமங்களை, சர்வதேச நிலைபேற்று நியமச் சபை 2023 ஜூன் மாதத்தில் வெளியிட்டது. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் அவற்றை நம் நாட்டு நியமங்களாக ஏற்றுக்கொண்டது. 2025 ஜனவரி முதல் தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து, கொழும்புப் பங்குச் சந்தையின் மிகப் பெரிய நிறுவனங்களைக் கொண்டு தொடங்கி, படிப்படியாக ஏனையவற்றுக்கும் அவை உரியனவாகின்றன. பெருந்தோட்டக் கம்பனிகள் பலவும் அச்சந்தையில் பதிவு பெற்றவையே.

அந்த ஏட்டில் எழுத வேண்டியவை எவை? நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருளிலிருந்தும் வயலிலிடும் பசளையிலிருந்தும் எழும் வாயுக்கள் முதற்பிரிவு. விலைக்கு வாங்கும் மின்சாரத்தின் பின்னாலுள்ள புகை இரண்டாம் பிரிவு. பொருள் வாங்குவது முதல் விற்ற பொருள் பயன்பட்டுத் தீர்வது வரையிலான சங்கிலியில் எழுவன மூன்றாம் பிரிவு. 2024-இல் இதற்கென ஒரு மின்னியல் அகராதியும் வெளிவந்தது. அதன்படி ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குறிச்சீட்டு ஒட்டப்படும்போது, எந்த நாட்டில் எழுதிய கணக்கையும் எந்த நாட்டிலுள்ள கணினியும் கணப்பொழுதில் படித்து ஒப்பிட்டுவிடும்.

இதனை நாம் இகழவில்லை. கூடை சுமந்த பெண்ணின் சிரித்த முகத்தை அட்டையிலே போட்டு, தமக்கு வாய்ப்பான எண்களை மட்டும் உள்ளே அடுக்கிய வழவழப்பான அறிக்கைகளை நாம் கண்டிருக்கிறோம். ஆளுக்கொரு படி, ஆளுக்கொரு முழம் என்றிருந்த சந்தையிலே ஏமாந்தவன் என்றும் ஏழைதான். முத்திரையிட்ட எடைக்கல் வந்தது அவனுக்குக் கிடைத்த வெற்றி. பொது அளவுகோலை வரவேற்பது முற்போக்காளரின் கடமையே.

ஆயினும் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: இந்தக் கணக்கு யார் படிப்பதற்காக எழுதப்படுகிறது? நியமமே மறைக்காமல் விடை தருகிறது. முதலீட்டாளரும் கடன் கொடுப்போருமே அதன் முதன்மை வாசகர்கள். அவர்களுடைய தீர்மானத்தை அசைக்கக்கூடிய செய்தியே முக்கியமான செய்தி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டபோது கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் மக்கள்மீது இடிந்து விழுந்தன. தொழிற்சாலைக்குச் செல்லும் பாதையை மண் மூடினால் அது வருமானத்தைப் பாதிக்கும் ஆபத்து. ஆகவே ஏட்டில் ஏறும். லயத்தின் பின்சுவரில் விழுந்த வெடிப்போ, நிறுவனத்தின் பண வரவை அல்லது எதிர்கால வாய்ப்பைத் தொடுமளவுக்குத்தான் அங்கே இடம் பெறும். ஏறினாலும் பல தோட்டங்களின் மொத்தத்தோடு கரைந்துபோய்விடும். அவ்வறையில் படுத்துறங்கும் குழந்தைக்கு அந்த மொத்தத்தால் என்ன பயன்?

மெய்யான எண்ணும் பொய்யான பொருளைத் தரக்கூடும். 2021 மே மாதத்தில் அன்றைய அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. நைதரசன் பசளையிலிருந்து எழும் நைதரசு ஒட்சைட்டு, நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைப் போல 273 மடங்கு வெப்பமூட்டுவது. ஆகவே பசளை நின்றால் வாயுக்கணக்கின் அந்த வரி அழகாகச் சுருங்கும். அதே வேளையில் நாட்டின் தேயிலை உற்பத்தி 2021-இல் சுமார் 29.9 கோடி கிலோவிலிருந்து 2022-இல் சுமார் 25.1 கோடி கிலோவாக வீழ்ந்தது. கொழுந்தில்லாத செடியிடம் முழுப் பேருக்கான நிறையை எப்படிக் கேட்பது? வாயுவின் எண்ணை மட்டும் பார்ப்பவன் முன்னேற்றம் என்பான். அரைப் பேரின் எண்ணையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்த முன்னேற்றத்தின் விலையை யார் கொடுத்தார் என்பது தெரியும்.

கணக்கியல் கற்ற நண்பர்கள் இதற்கொரு மறுப்புச் சொல்வார்கள்: ஓர் ஏடு எல்லாவற்றையும் சுமக்க முடியாது, தொழிலாளர் நலனுக்குத் தொழிற்சட்டம் இருக்கிறது, முதலீட்டாளருக்கான ஏட்டில் அதைத் தேடுவது முறையா? நியாயமான மறுப்புத்தான். ஆனால் வேறு வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிறுவனத்துக்கு நேரும் ஆபத்தோடு, நிறுவனத்தால் மனிதருக்கும் இயற்கைக்கும் நேரும் தீங்கையும் எழுதவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டம் செய்தது. 2025-இல் அதன் எல்லையைக் குறுக்கும் வேலையும் அங்கே தொடங்கிவிட்டது என்பதிலிருந்து, இது கணக்கியல் நுணுக்கம் மட்டும் சார்ந்த விவகாரம் இல்லையென்று விளங்கும்.

ஏட்டில் இல்லாதவர் என்ன ஆவார் என்பதை மலையக மக்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிடம் முன்னோரின் பிறப்புக்குச் சான்று கேட்டது. பதிவு இல்லாத காரணத்தால், கண்முன்னே உழைத்துக் கொண்டிருந்த இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். அந்தத் தவறு சட்டத்தில் திருத்தப்பட்டு முடிய 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆதலால் நமது அறநெறி எளியது: எவருடைய வாழ்விலிருந்து ஓர் எண் எடுக்கப்படுகிறதோ, அவருக்கு அந்த எண்ணைப் பார்க்கவும், பிழையெனில் பிழை என்று சொல்லவும் உரிமை வேண்டும். தோட்டந்தோறும் பிரித்த கணக்கு வேண்டும். அது தமிழிலும் சிங்களத்திலும் மடுவத்துச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். கம்பனிகள் இதனைத் தாமாக விரும்பிச் செய்யுமென்று நாம் எதிர்பார்க்கவில்லை. தொழிற்சங்கங்கள் கேட்டால்தான் நடக்கும்.

இங்கேதான் நம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. வெளியிடப்பட்ட மின்னியல் கணக்கு, தன்னைப் படிப்பவரிடம் பங்குப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. பேராதனையில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளையும் அதைத் திறக்கலாம். கம்பனி எழுதிய ஆபத்தையும் தன் தாய் வாழும் சரிவையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கலாம். இல்லாத வரியைச் சுட்டிக்காட்டலாம். அந்த வரியில் ஏற வேண்டியது அவன் தாயின் பேர்.